முதல் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டிய பேச்சு

(கல்லூரி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னைக்கு மேற்கே ஆவடியைத் தாண்டியதும் மின்சார ரயில் நிற்கும் அடுத்த நிலையத்துக்கு 'இந்துக் கல்லூரி' என்று பெயர். அதற்கு அடுத்தது பட்டாபிராம். அங்கே 2024 நவம்பரில் திறக்கப்பட்ட டைடல் பார்க் 21 மாடியோடு உயர்ந்து நிற்கிறது. வந்த வழியே திரும்பினால் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி, அம்பத்தூரில் தொழில் எஸ்டேட், அதையொட்டிப் பாடியில் பிரேக்கும் சக்கரமும் வண்டிக்கான மின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள். தெற்கே பூந்தமல்லிக்கு வந்தால் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரமாகத் தண்டலம் வரை கல்லூரிகள், அவற்றைத் தாண்டியதும் இருங்காட்டுக்கோட்டையில் கார் தொழிற்சாலை. படிப்பும் பிழைப்பும் இவ்வளவு அருகருகே அமைந்த பகுதிகள் நாட்டில் அதிகமில்லை.

இங்கே படிக்கும் இறுதியாண்டு மாணவரிடம், "படிப்பு முடிஞ்சதும் என்னப்பா பண்ணப் போறே?" என்று கேட்டுப் பாருங்கள். "ப்ளேஸ்மெண்ட் வருது சார், எது கிடைக்குதோ பார்க்கலாம்" என்பார். ஏன் இந்தப் பிரிவை எடுத்தாய் என்றால், "கவுன்சலிங்ல என் கட்-ஆஃபுக்கு இதுதான் வந்துச்சு" என்பார். எலக்டிவ் பாடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்றால், "கிளாஸ்ல எல்லாரும் எடுத்தாங்க" என்பார். மூன்று இடத்திலும் முடிவெடுத்தது அவர் இல்லை. இதில் மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியவர்கள் பேசவில்லை. அந்தப் பேச்சை ஒரு பல்கலைக்கழகம் எப்படி ஏற்பாடு செய்ய வேண்டும், அந்தப் பணிக்குத் தலைமை ஏற்பவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதே இன்றைய பொருள்.

நம் கல்லூரிகளில் படிப்பு ஆலோசனையும் வேலை வழிகாட்டலும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. ஒன்று துறைக்குள், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் அருகில். இன்னொன்று அட்மின் பிளாக்கில், 'ட்ரெய்னிங் அண்ட் ப்ளேஸ்மெண்ட்' என்ற பலகையின் கீழ். அரியர் வைத்தால் மாணவர் முதல் அறைக்குள் நுழைகிறார். ஆறாவது செமஸ்டர் முடியும் நேரத்தில் இரண்டாவது அறைக்கு வருகிறார். இரண்டும் ஒரே பேச்சாக, முதல் செமஸ்டரிலேயே, ஒரே தலைமையின் கீழ் தொடங்க வேண்டும்.

காரணம் இதுதான். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் இருக்க வேண்டும், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது என்பது வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்களின் நிபந்தனை. முதல் செமஸ்டரில் கோட்டைவிட்ட கணிதத் தாள் நான்காம் ஆண்டு நேர்காணலை அடைத்துவிடுகிறது. அப்போது ப்ளேஸ்மெண்ட் அதிகாரி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. செய்திருக்க வேண்டியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வேறொருவரின் மேஜையில்.

இது புதிய சிந்தனையும் அல்ல. 1908-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃப்ராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் தேர்வுக்கென்று ஒரு நிலையம் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்று அவர் வகுத்த மூன்று படிகளே இத்துறைக்கு அடித்தளம். நம் ஊரிலும் ஒரு முன்னோடி உண்டு. 1942 முதல் 1969 வரை, 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையில் 1952-இல் மத்திய அரசு இடைநிலைக் கல்விக் குழுவை அமைத்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலர்களும், தொழில் பற்றி எடுத்துச் சொல்லும் ஆசிரியர்களும் எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1954-இல் மத்திய அரசு அதற்கென ஒரு தேசிய நிலையத்தையும் தொடங்கியது. பல்கலைக்கழக வளாகங்களில் வேலைவாய்ப்புத் தகவல் மற்றும் வழிகாட்டி மையங்கள் வந்தன. எழுபது ஆண்டுகளாக ஏட்டில் இருக்கும் விஷயம் இது.

இன்றைய விதியைப் பாருங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான ஒழுங்குமுறையில் ஃபேகல்டி அட்வைசர் என்றே ஒரு பிரிவு இருக்கிறது. துறைத்தலைவர் குறிப்பிட்ட எண்ணிக்கை மாணவர்களை ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும். படிப்பு முடியும்வரை அவரே அந்த மாணவர்களுக்கு ஆலோசகர். எந்தெந்தப் பாடத்துக்குப் பதிவு செய்வது என்று சொல்ல வேண்டும். வருகையையும் முன்னேற்றத்தையும் கவனிக்க வேண்டும். அவ்வப்போது அழைத்துப் பேச வேண்டும். தேவைப்பட்டால் பெற்றோரிடமும் பேசலாம். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு ஆய்வுக்கு வரும்போது மாணவர் ஆதரவு பற்றிக் கேட்பதற்கென்று தனி அளவுகோலே வைத்திருக்கிறது. ஆக, விதி இருக்கிறது, படிவம் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. பேச்சு நடந்ததா என்பதுதான் கேள்வி.

பேச்சு என்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் மூன்றாவது செமஸ்டர் முடிவோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அரியர், இரண்டும் கணிதம். "ஒழுங்கா படி, அடுத்த தடவை கிளியர் பண்ணு" என்று அனுப்பிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். உட்காரச் சொல்லி, மதிப்பெண் தாளையும் வருகைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். முதல் பீரியட் கணிதம் இருக்கும் நாட்களில் மட்டும் வருகை குறைகிறது. வீடு திருநின்றவூருக்கு அப்பால். அப்பாவுக்கு எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட். அவர் வீடு திரும்பிய பிறகு தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு இந்தப் பையன் கிளம்பினால் கல்லூரிப் பேருந்து போய்விட்டிருக்கும். இதே மாணவர் பட்டறைச் செய்முறையில் முதல் வரிசை மதிப்பெண் வாங்கியிருக்கிறார். பதினைந்து நிமிடப் பேச்சில் மூன்று காரியம் ஆகிவிடும்: பேருந்துப் பொறுப்பாளரிடம் ஏறும் இடத்தை மாற்றச் சொல்வது, கணிதத் துறையில் மாலை வகுப்புக்குப் பெயர் எழுதுவது, கோடை விடுமுறையில் ஒரு டூல் ரூமில் இன்டர்ன்ஷிப்புக்கு அனுப்பலாம் என்று குறித்துக்கொள்வது. முதல் இரண்டும் படிப்பு ஆலோசனை, மூன்றாவது வேலை வழிகாட்டல். அந்த மேஜையில் இரண்டையும் எங்கே பிரிப்பீர்கள்?

இதை ஓர் ஆசிரியர் தன் நல்ல மனதால் செய்வது வேறு. ஒரு நிறுவனம் ஐயாயிரம் மாணவருக்கும் தவறாமல் செய்வது வேறு. இரண்டாவதற்குத்தான் தலைமை தேவைப்படுகிறது.

தலைமை ஏற்பவருக்கு முதல் வேலை கணக்கு. ஏ.ஐ.சி.டி.இ. இப்போது இருபது மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதத்தை வைத்திருக்கிறது. ஓர் ஆசிரியர் இருபது மாணவரையும் செமஸ்டருக்கு இரண்டு முறை, முறைக்குப் பதினைந்து நிமிடம் தனியாகச் சந்தித்தால் பத்து மணி நேரம் ஆகும். ஒரு செமஸ்டரில் பத்து மணி நேரம் என்பது பெரிய சுமையல்ல. ஆனால் டைம் டேபிளில் இடம் ஒதுக்காவிட்டால் அது நடக்காது. ஆகவே வாரத்தில் ஒரு பீரியடை ஆலோசனை நேரம் என்று அச்சிட்டுக் கொடுக்கும் அதிகாரம் தலைவருக்கு வேண்டும். அந்த நேரத்தில் லேப் கண்காணிப்பு, அட்மிஷன் வேலை, விழா ஏற்பாடு என்று ஆசிரியரை யாரும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. ஆசிரியருக்கும் இது அவருடைய பணிச்சுமைக் கணக்கில் சேர வேண்டும். பதவி உயர்வுக்கான மதிப்பீட்டிலும் வர வேண்டும்.

இரண்டாவது, பதிவேடு. அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் இதற்கு நல்ல சான்று. குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களும் நிறையப் படிக்கும் இடம் அது. 2003-இல் அங்கே ஆறு ஆண்டுக்குள் பட்டம் பெறுவோர் விகிதம் 32 சதவீதம்தான். 2012-இல் அவர்கள் பழைய மாணவர் பதிவேடுகளை ஆராய்ந்து, படிப்பில் சறுக்குவதற்கு முன் தென்படும் சுமார் 800 அறிகுறிகளைக் கண்டறிந்தார்கள். அவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்த உடனே ஆலோசகருக்குத் தகவல் போகும். அவர் மாணவரை அழைப்பார். கணினி மட்டும் இதைச் செய்துவிடவில்லை. கூடவே 42 ஆலோசகர்களைப் புதிதாக நியமித்தார்கள். கட்டணத்தில் சிறு தொகை பாக்கி நின்றதால் படிப்பை விட்டுப் போகவிருந்தவர்களுக்கு அந்தத் தொகையைக் கல்லூரியே செலுத்தும் திட்டமும் இருந்தது. பட்டம் பெறுவோர் விகிதம் 54 சதவீதத்தை எட்டியது. இன, வருமான வேறுபாட்டால் இருந்த இடைவெளியும் மறைந்தது.

நம் கல்லூரிக்கு 800 அறிகுறிகள் வேண்டாம். நான்கைந்து போதும். முதல் இன்டர்னல் தேர்வில் இரண்டு பாடத்தில் தேறாதது, வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போவது, கட்டணம் கட்டத் தாமதமாவது, பேருந்து நிறுத்தத்தையோ விடுதியையோ திடீரென மாற்றுவது, லேப் ரெக்கார்டு முடிக்காமல் நிற்பது. இவை எல்லாம் ஏற்கெனவே ஏதோ ஓர் அறையில் எழுதப்பட்டுத்தான் இருக்கின்றன. கட்டணம் அக்கவுண்ட்ஸில், பேருந்து டிரான்ஸ்போர்ட்டில், மதிப்பெண் எக்ஸாம் செல்லில். இவற்றை வாரம் ஒருமுறை ஒரே தாளில் கொண்டுவந்து அட்வைசர் கையில் கொடுப்பது தலைவரின் பொறுப்பு.

மூன்றாவது, காது கொடுத்துக் கேட்பது. அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையில் கிளாஸ் கமிட்டி என்று ஒன்று இருக்கிறது. அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒருவர் தலைவராக என்று அமைக்க வேண்டும். தொழிற்சாலைகளில் இருக்கும் குவாலிட்டி சர்க்கிள் போன்றது இது என்று அந்த விதியே சொல்கிறது. 1962-இல் ஜப்பானில் தொடங்கிய குவாலிட்டி சர்க்கிளில், எந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியே குறையைச் சொல்வார், தீர்வையும் சொல்வார். அந்த முறைகளைப் பழகி, 1998-இல் ஜப்பானின் டெமிங் பரிசை இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு. விதியை எழுதியவர்கள் காட்டிய முன்மாதிரி இந்தக் கல்லூரிகளிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஷாப் ஃப்ளோரில் நின்றவர்களைக் கல்லூரிக்கு அழைத்து, ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது, சொன்ன குறை தீர்ந்ததா என்று அடுத்த கூட்டத்தில் எப்படிப் பார்ப்பது என்று ஆசிரியர்களுக்குச் சொல்லச் செய்யலாம். கூட்டக் குறிப்பில் "மாணவர்கள் திருப்தி தெரிவித்தனர்" என்று ஒற்றை வரி எழுதும் பழக்கம் அப்போது மாறும்.

நான்காவது, சுற்றுப்புறத்தை அறிவது. வேலை வழிகாட்டலில் மிகவும் பலவீனமான இடம் இதுதான். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் வந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் அமைக்கப்பட்டு, 1965-இல் முதல் விஜயந்தா டேங்கை வெளியே அனுப்பியது. அதையொட்டி அர்ஜுன் டேங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட் 1960-களில் உருவாகி, சிறுதொழில் பேட்டைகளில் தெற்காசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்றாக வளர்ந்தது. இன்று அதே எஸ்டேட்டில் லேத் ஷாப்புக்கு எதிரில் கண்ணாடி முகப்போடு ஐ.டி. கட்டடம் நிற்கிறது. ஆயத்த ஆடை, அச்சகம், டை காஸ்டிங், சி.என்.சி., சாஃப்ட்வேர் எல்லாம் ஒரே பின்கோடில் இருக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் மாணவருக்கு வேலை என்றால் ஐ.டி. நிறுவனங்கள் மொத்தமாக ஆள் எடுக்க வரும் அந்த ஒரு நாள்தான் தெரிகிறது. அந்த ஆண்டு அவை குறைவாக எடுத்தால் வகுப்பே சோர்ந்துவிடுகிறது. எஸ்டேட்டில் இருபது பேர் வேலை செய்யும் ஒரு டூல் ரூம் வளாகத் தேர்வுக்குப் பந்தல் போட வராது. அவர்களுக்குத் தேவை ஒரே ஓர் ஆள். அவர்களைத் தேடிக் கல்லூரிதான் போக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் உற்பத்தியாளர் சங்கமான ஐய்மா, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 'ஆக்மி' என்ற எந்திரக் கருவிக் கண்காட்சியை நடத்துகிறது. இரண்டாம் ஆண்டு மாணவர்களை அங்கே கூட்டிப்போய், ஒவ்வொருவரும் மூன்று ஸ்டால்களில் நின்று, இந்த எந்திரத்தை யார் ஓட்டுகிறார்கள், அவர் என்ன படித்தார், தொடக்கச் சம்பளம் என்ன, ஐந்தாண்டு கழித்து என்ன ஆகலாம் என்று கேட்டு எழுதி வரச் சொன்னால், அது எந்தக் கருத்தரங்கையும் விடப் பயன் தரும்.

அப்ரெண்டிஸ் பயிற்சி இன்னொரு வாசல். 1961-இல் வந்த தொழில் பழகுநர் சட்டம் முதலில் ஐ.டி.ஐ. தொழிற்பிரிவுகளுக்கு மட்டும்தான் இருந்தது; 1973-இல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் அதற்குள் வந்தார்கள். தென் மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் தரமணியிலேயே இருக்கிறது. ஓர் ஆண்டுப் பயிற்சி, உதவித்தொகை, முடிவில் அரசுச் சான்றிதழ். "அது ஐ.டி.ஐ. பசங்களுக்கு சார்" என்று பொறியியல் மாணவர் ஒதுக்குவது அறியாமையால்தான். இதைக் கடைசி செமஸ்டரில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது. முந்தைய ஆண்டு பயிற்சி முடித்தவரையே வகுப்புக்கு அழைத்துப் பேசவைக்க வேண்டும்.

ஐந்தாவது, பாடத் தேர்வு. 2021-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் அண்ணா பல்கலைக்கழகம் எலக்டிவ் பாடங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்தது. அந்த ஒழுங்குமுறைப்படி கூடுதலாக 18 கிரெடிட் படித்தால் ஹானர்ஸ் அல்லது மைனர் பெறலாம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகளும் கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டன. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே ஆண்டு ஜூனில் 'கல்லூரிக் கனவு' வந்தது. வாசல்கள் பெருகிவிட்டன, எந்த வாசல் எங்கே போகிறது என்று சொல்ல ஆள் வேண்டும். மின்னணுவியல் மாணவருக்கு எம்பெடட் கொத்து சரியா, வி.எல்.எஸ்.ஐ. கொத்து சரியா என்பது அவர் கணிதத்தில் எப்படி, நிரல் எழுத விருப்பமா, மேற்படிப்பு எண்ணம் உண்டா என்பதைப் பொறுத்தது. படிவத்தில் டிக் அடிக்கும் கடைசி நாளன்று வாட்ஸ்அப் குழுவில் முடிவாகக் கூடிய விஷயம் அல்ல.

உதவிகளைப் பெற்றுத் தருவதும் இதே அலுவலகத்தின் வேலை. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய 'புதுமைப் பெண்', மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வருகிறது. உயர்கல்வி மாணவர் பதிவேடான யூமிஸில் எழுத்துப் பிழை, வங்கிக் கணக்கில் ஆதார் இணையாதது போன்ற சின்னக் காரணங்களால் ஒரு மாணவிக்குப் பணம் நின்றுபோனால், அந்தப் பெண் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நிற்பாள். "அது ஸ்காலர்ஷிப் செக்‌ஷன்மா, அங்க போ" என்று அனுப்பாமல், போனை எடுத்துப் பேசி முடித்துக் கொடுப்பவரே நல்ல ஆலோசகர்.

அதேபோல ஆலோசகருக்குத் தன் எல்லையும் தெரிய வேண்டும். தூக்கமின்றி, சாப்பிடாமல், எதிலும் பற்றில்லாமல் ஒரு மாணவர் வந்தால் அது மதிப்பெண் பிரச்சினையல்ல. அவரை மனநல ஆலோசகரிடம் தானே கூட்டிப்போக வேண்டும். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104 இரண்டும் ஒவ்வோர் அட்வைசர் மேஜையிலும் ஒட்டியிருக்க வேண்டும்.

பெற்றோர் இந்த அவையில் இருப்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4, தமிழ்நாட்டில் 47. அதாவது, வீட்டில் யாரும் பார்த்திராத கல்லூரிக்குள் லட்சக்கணக்கான பிள்ளைகள் நுழைந்திருக்கிறார்கள். எஸ்டேட்டில் முப்பது ஆண்டு லேத் ஓட்டிய அப்பாவுக்கு, "என் பையன் எண்ணெய்க் கறையில நிக்க வேணாம்" என்ற எண்ணம் இருப்பது இயல்பு. அவரைவிட அந்தத் தொழிலின் கஷ்டம் தெரிந்தவர் யார்? ஆனால் இன்றைய சி.என்.சி. கூடத்தில் நிரல் எழுதுபவரும் தர ஆய்வாளரும் வேறு மாதிரி வேலை செய்கிறார்கள் என்பதை அவருக்குக் காட்ட வேண்டும். மகளை இருங்காட்டுக்கோட்டைக்கு ஷிஃப்ட் வேலைக்கு அனுப்பத் தயங்கும் அம்மாவுக்குக் கம்பெனிப் பேருந்து எங்கே ஏற்றும், எத்தனை மணிக்கு இறக்கும், ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் அக்காமார் யார் என்பது தெரிய வேண்டும். பெற்றோர் கூட்டம் என்றால் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடக் கூடாது.

இவ்வளவையும் சேர்த்து நடத்த ஒரு பதவி வேண்டும். டீன் நிலையில், முதல்வரிடமோ துணைவேந்தரிடமோ நேரே பேசும் ஒருவர். அவருக்குக் கீழே துறைக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், ப்ளேஸ்மெண்ட் அதிகாரி, மனநல ஆலோசகர், உதவித்தொகை எழுத்தர் நால்வகையினரும் ஒரே குழுவாக. அவரை எத்தனை ஆஃபர் லெட்டர் வந்தது என்ற ஒரே எண்ணால் அளக்கவும் கூடாது. முதலாண்டில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்கு வந்தார்கள், முதல் செமஸ்டர் அரியரை எத்தனை பேர் அடுத்த தேர்விலேயே முடித்தார்கள், பயிற்சிக்கு எத்தனை பேர் போனார்கள், டி.என்.பி.எஸ்.சி.க்கோ கேட் தேர்வுக்கோ முயல்பவர் எத்தனை பேர், எங்கும் சேராமல் வீட்டில் இருப்பவர் யார் யார் என்பதும் அவருடைய ஆண்டறிக்கையில் வர வேண்டும். கடைசிப் பட்டியலில் இருப்பவர்களுக்குப் பட்டமளிப்புக்குப் பிறகும் ஓர் ஆண்டு போன் போக வேண்டும்.

புதிய செமஸ்டர் தொடங்கும் முதல் வாரத்தில் கிளாஸ் கமிட்டி அமைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதே வாரத்தில், ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் அவருடைய ஃபேகல்டி அட்வைசரின் பெயர், அறை எண், சந்திக்கும் கிழமை, நேரம் நான்கும் அச்சிட்ட சீட்டு கையில் கிடைக்கட்டும். முதல் இன்டர்னல் தேர்வு முடிந்து பத்து நாளைக்குள் முதல் சந்திப்பு நடக்கட்டும், அந்தச் சந்திப்பில் மதிப்பெண்ணோடு, "என்ன வேலைக்குப் போகணும்னு நினைக்கறே?" என்ற கேள்வியும் இருக்கட்டும். வரும் கல்வியாண்டில் சேரும் பிள்ளைகளிடமிருந்தே இதைத் தொடங்க முடியும்; அதற்கான டைம் டேபிளை இந்த மாதமே போட வேண்டும்.